பிரேக் பல்பு மாற்றப் போகிறீர்களா? முதலில் அந்த இரண்டு முளைகளைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், கீழ்வீட்டுத் தம்பி ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் பின்விளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பல்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, உள்ள போகமாட்டேங்குது. கொஞ்சம் அழுத்திப் பார்க்கவா?" என்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். 15 வருடத்துக்கு முன் அதே மாதிரி ஓர் இரவில், யாரையும் கேட்காமல் நான் அழுத்தியிருக்கிறேன்.

இப்போது காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். வீட்டில் பல்பு மாற்றப் பார்த்து, பிறகு எங்களிடம் வருகிறவர்கள் செய்திருக்கும் தவறுகள் பெரும்பாலும் நான் செய்தவைதான். விளக்கை அணைத்துவிட்டு வேலை பாருங்கள், பல்பு ஆறட்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பின்விளக்கு முழுவதும் எல்இடியாக வரும் கார்களில் மாற்றுவதற்குத் தனி பல்பே இருக்காது, அவற்றையும் விட்டுவிடுவோம்.

பல்புதான் போயிருக்கிறதா?

இடது, வலது, நடுவில் மேலே இருப்பது என்று மூன்று பிரேக் விளக்குகள். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான். மூன்றும் ஒரே நாளில் எரியாமல் போனால் பல்பு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். மூன்று பல்புகள் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாகாது. முதலில் ஃபியூஸ், அடுத்து பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச். மிதியைக் காலால் அழுத்தினால்தான் அந்தச் சுவிட்ச் விளக்குக்கு மின்சாரம் விடும். அது தேய்ந்துபோனால் எத்தனை புது பல்பு போட்டும் பயனில்லை.

முளைகள்

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான்.

பல கார்களில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்புக்குள் இருக்கும். கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள், இரண்டு இழைகள் தெரியும். ஒன்று 5 வாட், இரவில் எப்போதும் எரிவது. மற்றது 21 வாட், பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரிவது. இதன் பெயர் பி21/5டபிள்யூ, பித்தளை அடியிலேயே பொறித்திருப்பார்கள். இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு: பி21டபிள்யூ. அதே உயரம், அதே பருமன், அதே 12 வோல்ட். ஆனால் ஒரே ஓர் இழை.

வித்தியாசம் இரண்டே இடத்தில்தான். அடியைத் திருப்பிப் பாருங்கள். இரட்டை இழை பல்பில் இரண்டு ஈயப் பொட்டுகள், ஒற்றை இழையில் நடுவில் ஒரே பொட்டு. அப்புறம் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன முளைகள். ஒற்றை இழை பல்பில் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். இரட்டை இழையில் ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. தவறான பல்பு உள்ளே போகக்கூடாது, சரியான பல்பும் தலைமாறிப் போகக்கூடாது என்பதற்காகவே முளைகளை இப்படி வைத்திருக்கிறார்கள். பல்பு மறுக்கிறது என்றால், அது உட்காரும் ஹோல்டர் நம்மைத் தடுக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் நாம் கட்டைவிரலால் அழுத்தி, சாய்த்துத் திருகி, "ஆ, மாட்டிக்கொண்டது" என்கிறோம்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். கடைக்காரர் "இதுவும் 21 வாட்தான்" என்று கொடுத்தார், 3 வெள்ளி. பிரேக்கை மிதித்தேன், பளிச்சென்று எரிந்தது. கதவைப் பூட்டிவிட்டு மேலே போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்துத் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு, மத்திய விரைவுச்சாலை வழியாக வீட்டுக்கு வந்தோம். இரவு, கொட்டும் மழை. மச்சான் குடும்பம் பின்னால் அவர் காரில். வந்து இறங்கியதும் மச்சானின் முகம் வெளிறியிருந்தது. "மாப்ள, வழி முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வந்தீங்க? ஒரு இடத்துல நீங்க நின்னதே எனக்குத் தெரியல." அவர் காரின் பின்னிருக்கையில் என் மகளும் இருந்தாள்.

நடந்தது இதுதான். ஹோல்டரின் அடியில் இரண்டு தனித்தனி வழிகள்: பின்விளக்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. நான் திணித்த பல்பின் ஒற்றைப் பொட்டு இரண்டின் மேலும் உட்கார்ந்து பாலம் போட்டுவிட்டது. இரவில் விளக்கைப் போட்டதும் பின்விளக்கின் மின்சாரம் அந்தப் பாலம் ஏறி பிரேக் வயருக்குள் போனது. என் பல்பு மட்டும் எரிந்திருந்தால் பரவாயில்லை, அந்தப் பக்கத்து பல்பும் மேலே இருப்பதும் சேர்ந்து எரிந்தன. மூன்றும் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தால், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் பின்னால் வருகிறவருக்கு ஒரே சிவப்புதான்.

பகலில் இது தலைகீழாக நடக்கும். விளக்கு அணைந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால் முன்னால் மீட்டர் பலகை ஒளிரும், பின்னால் எண் பலகை விளக்கு எரியும். அந்த மூன்று நாளும் என் மீட்டர் ஒளிர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

செலவும் அங்கே நிற்கவில்லை. பிரேக் இழை மிதிக்கும் சில விநாடிகள் எரிவதற்கென்று இருப்பது. அதே 21 வாட் சூடு, சாய்ந்து உட்கார்ந்த பல்பில், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் பிளாஸ்டிக் தாங்குமா? கழற்றியபோது ஹோல்டர் பழுப்பேறி, ஒரு பக்கம் மெழுகு மாதிரி இளகியிருந்தது, உள்ளே தகடு வளைந்திருந்தது. ஹோல்டர் தட்டு முழுவதையும் மாற்ற 160 வெள்ளி ஆயிற்று.

ஆகவே பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காரின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுத்தையும் பொட்டையும் முளையையும் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். பித்தளை இல்லாத, கண்ணாடி அடியைச் செருகும் வகை என்றால் கம்பிகளை எண்ணுங்கள். இரட்டை இழைக்கு நான்கு, ஒற்றைக்கு இரண்டு.

பச்சை பூத்த ஹோல்டர்

நம் ஊர் ஈரத்துக்குப் பித்தளையில் பச்சை பூப்பது சாதாரணம். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் பழைய கார்களில் பாதிக்குப் பாதி பார்க்கிறேன். அதன் மேலேயே புது பல்பைச் சொருகினால் ஒரு வாரம் எரியும், பிறகு மினுக்கும். நுண்ணிய உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே இரண்டு சுற்று சுற்றுங்கள், பளபளப்பு தெரிந்தால் போதும். பிரேக்கை மிதிக்கும்போது அதே பக்கத்து சிக்னல் விளக்கும் மங்கலாகத் துடித்தால் எர்த் வயரை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரைப் பாருங்கள், பல்பில் குற்றமில்லை. 10 வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருக்கிறது, அங்கே விளக்கையும் பார்ப்பார்கள்.

கண்ணாடியில் விரல் பட்டால்

விரல் எண்ணெய் பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும் என்கிற பயம் ஹெட்லைட் ஹாலஜனுக்குத்தான். பிரேக் பல்பைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ரப்பர் பட்டை

பின்விளக்கைத் திரும்ப மாட்டும்போது இதை மறந்தால் அடுத்த மழையில் விளக்குக்குள் மீன் வளர்க்கலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர் சேரும்.

திருகாணி

விரல் இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று. அதற்கு மேல் போனால் சிவப்புக் கண்ணாடி விரிசல் விடும்.

எல்இடி பல்பு

மின்சாரம் குறைவாக எடுப்பதால் சில கார்கள் பல்பு போய்விட்டது என்றே எச்சரிக்கை காட்டும். நான் போடுவதில்லை.

சோதனை

காரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுவது பின்பார்வைக் கண்ணாடியில் தெரியும். முதலில் விளக்கைப் போட்டுவிட்டு மிதியுங்கள், இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகக் கூட வேண்டும். பிறகு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மிதியுங்கள். இப்போது மீட்டர் பலகையைப் பாருங்கள், மிதித்ததால் அது ஒளிரக்கூடாது. மிதித்ததும் ஒளிர்ந்தால் காரை எடுக்காதீர்கள், அங்கேயே அந்த பல்பைக் கழற்றி அடியைத் திருப்பிப் பாருங்கள்.