பி.எல்., எல்.எல்.பி., பி.ஜி.எல்.: எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய வக்கீல் வீட்டுப் பெயர்ப்பலகையில் 'பி.ஏ., பி.எல்.' என்று இருக்கும். எதிரே புதிதாக போர்டு மாட்டிய இளைஞர் 'பி.ஏ., எல்.எல்.பி. (ஹானர்ஸ்)' என்று போட்டிருப்பார். 'இவர் படிப்புதான் பெரிசு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பி.எல். என்பது சட்டப் பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் புழங்கிய பெயர். நீதிமன்றத்தில் அதற்கும் எல்.எல்.பி.க்கும் ஒரே மதிப்புதான். எல் ஏன் இரண்டு முறை வருகிறது? லத்தீன் சுருக்கங்களில் எழுத்தை இரட்டித்தால் பன்மை. 'சட்டங்கள்' என்று பொருள், அவ்வளவே. ஹானர்ஸ் என்றால் கூடுதல் தாள்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய அது தேவையில்லை.

உண்மையில் கையைச் சுடுவது பி.ஜி.எல். நடுவில் இருக்கும் 'ஜி', ஜெனரல் என்பதன் சுருக்கம். வேலையில் இருந்துகொண்டே சட்டம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அஞ்சல் வழியில் படிப்பது. படிக்கலாம், குற்றமில்லை. ஆனால் அதை வைத்து, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிய முடியாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த சட்டப் பட்டம்தான் அங்கே செல்லும். பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இதே குழியின் இன்னொரு பக்கம்: பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. வாங்கிவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வருவது. 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் இதை ஏற்பதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்று அடித்தளப் படிப்பு வரிசையாக இருக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி.யில் வேறொரு கணக்கு போடுகிறார்கள்: 'பிடிக்கலைன்னா மூணு வருஷத்துல பி.ஏ.வோட வெளியே வந்துடலாம்.' முடியாது. இரண்டு பட்டமும் ஒரே கட்டு. நடுவில் பிரித்துத் தர மாட்டார்கள். டிகிரி முடித்தவர்கள் நேராக நான்காம் ஆண்டில் சேரவும் வழியில்லை. அவர்களுக்குத்தான் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறதே.

அப்புறம், மகன் தேர்வு முடித்த கையோடு கல்யாணப் பத்திரிகையில் 'வழக்கறிஞர்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். பட்டம் வாங்கினால் சட்டப் பட்டதாரி, அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிந்த பிறகே அந்தப் பெயர். அதோடு, தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்றும் இருக்கிறது.