ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் அரியலூர்ப் பக்கம்: புதைபடிவம் தேடப் புதிதாகக் கிளம்புவோருக்கு

கோயில், கல்யாணம், துணிக்கடை எல்லாம் போக விடுமுறையில் இரண்டு நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போய் வாருங்கள். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் அடிமண் இன்று வெயிலில் திறந்து கிடக்கிறது, நத்தை, சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி), சுறாப்பல் எல்லாவற்றோடும். 1860-களிலேயே ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்தப் பகுதிப் படிவங்களை விரிவாக எழுதி வைத்தார். லண்டனில் இருந்து புதைபடிவம் தேட லைம் ரீஜிஸ் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற நம் ஆட்களுக்கே இந்த இடம் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

எடுத்த எடுப்பில் பொட்டலுக்குப் போகாதீர்கள். முதலில் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் கண் பழகிவிடும், இல்லாவிட்டால் வெளியே எல்லாமே வெறும் கல்லாகத்தான் தெரியும். அப்புறம் சாத்தனூர் கல்மரம்: 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது, 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கரையில் வளர்ந்து, கடலுக்கு அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து கல்லான மரம்.

தேடுவதற்கு என் முதல் பரிந்துரை பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள காரை என்ற ஊர். மழைநீர் அறுத்த ஓடைகளும் மண்மேடுகளுமாக இருக்கும். மழைக்காலம் முடிந்து களிமண் காய்ந்த பிறகு, தை மாசி வாக்கில் போனால் புதிதாகக் கழுவி வெளிவந்தவை கிடைக்கும். ஈரத்தில் போனால் வழுக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் அடிவாரத்தை மெதுவாகப் பாருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுவது ஜிப்சம், அது உயிரினம் இல்லை. துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழப்பாக இருந்தால் பெலம்னைட், கணவாய்க்குச் சொந்தம். சுருளும் வரியும் தெரிந்தால் அம்மோனைட், வீட்டில் சாளக்கிராமம் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்குப் பார்த்ததும் புரியும். உருண்டையாக எது கிடைத்தாலும் முட்டை என்று குதிக்க வேண்டாம், 2020-இல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று பரவிய செய்தியும் கடைசியில் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள் என்றுதான் முடிந்தது.

தொப்பி, நிறையத் தண்ணீர், தடித்த செருப்பு (கருவேலமுள் ரப்பரைத் துளைக்கும்), ஒரு பூதக்கண்ணாடி, இவை போதும். சுத்தியல் வேண்டாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும், போனில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்று தெரியாத படிவத்தால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூட இல்லை.

ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் "ஐயா, இங்கே நத்தைக்கல் எங்கே கிடக்கும்?" என்று கேளுங்கள், கூகுள் மேப்பில் இல்லாத ஓடையைக் காட்டுவார். சிமென்ட் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், விளிம்பு சரியும். கல்மரப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. பொட்டலில் கிடைப்பதையும் பெட்டியில் போட்டு விமானம் ஏற்ற வேண்டாம், படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலும்பு மாதிரி பெரிதாக ஏதாவது தெரிந்தால் தோண்டாமல், படத்தையும் இடக்குறிப்பையும் வாரணவாசியில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.