வில்லங்கச் சான்றில் பழைய வங்கியின் பெயர்: வீட்டுக் கடனுக்கு முன் அதை நீக்கும் முறை

சென்ற ஆண்டு வீடு கட்டக் கடன் கேட்டு விண்ணப்பித்தபோது, வருமானச் சான்றுகளில் ஒரு குறையும் இல்லாதிருந்தும், என் கோப்பு வங்கி வழக்கறிஞரின் மேசையிலேயே இரண்டு மாதம் நின்றுவிட்டது. என் தந்தையார் காலத்தில் அந்த மனையின் மேல் பதிவான அடமானம் ஒன்று வில்லங்கச் சான்றில் அப்படியே இருந்தது. கடன் என்றோ தீர்ந்துவிட்டது. கடன் கொடுத்த வங்கியோ இன்று அந்தப் பெயரில் இல்லை.

முதலில், பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இலவசமாகப் பார்க்கும் வசதி உங்கள் பார்வைக்குப் போதும். வங்கிக்குக் கொடுக்கக் கட்டணம் செலுத்தி, மின் கையொப்பமிட்ட சான்றையே வாங்குங்கள். இடைத்தரகர் எடுத்துத் தரும் நகலைவிட நீங்களே வரிவரியாகப் படிப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அடமானம் அல்லது உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரத்தை வங்கியிடம் கொடுத்துக் கடன் பெறுவது) என்ற பதிவு ஒவ்வொன்றுக்கும், பிந்தைய தேதியில் ஓர் இரசீது ஆவணம், அதாவது கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் எழுதிப் பதிவு செய்யும் பத்திரம், இருக்க வேண்டும். இல்லையென்றால், பணம் கட்டி முடித்திருந்தாலும் பதிவேட்டைப் பொறுத்தவரை அடமானம் நீடிக்கிறது.

நான் தடுக்கி நின்ற இடம் அடுத்த படி: அந்த இரசீதை இன்று எழுதிக் கொடுக்க உரிமை உள்ளவர் யார்? இதற்கு நம் வட்டார வங்கிகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1904இல் தொடங்கிய கும்பகோணம் பேங்க், 1965இல் சிட்டி ஃபார்வர்டு பேங்க், யூனியன் பேங்க் ஆகிய இரண்டையும் இணைத்துக்கொண்டு கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க் ஆயிற்று. 1987இல் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு சிட்டி யூனியன் பேங்க் ஆனது. ஆக, ஒரே வங்கியை மூன்று பெயர்களில் பழைய பத்திரங்களில் காணலாம். தலைமையகம் இன்றும் கும்பகோணத்திலேயே இருக்கிறது. 2011இல் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்ற என். காமகோடி பத்தாண்டுகளுக்கும் மேல் அதை நடத்தியிருக்கிறார். இவ்வாறு ஊரும் நிர்வாகமும் தொடர்ந்து நிலைத்த வங்கியில் எங்கே கேட்பது என்ற குழப்பம் குறைவு. 1921இல் தூத்துக்குடியில் பிறந்த நாடார் பேங்க், 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆனதும் பெயர் மாற்றம் மட்டுமே.

இணைந்து மறைந்த வங்கிகளில்தான் தேடல் நீளும். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியோடும், பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடும், கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடும் இணைந்தன. உங்கள் பத்திரத்தில் உள்ள பெயர் இவற்றில் ஒன்றானால், இன்றைய வங்கியிடமே எழுத்துமூலம் கேளுங்கள். பழைய அடமானப் பத்திரத்தின் நகல், கடன் முடிந்த கடிதம், கடன் பெற்றவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்க வேண்டும். வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரசீது ஆவணத்தைப் பதிவு செய்து தந்ததும், புதிய வில்லங்கச் சான்று எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள்.

இனிக் கடன் தொகை. ரிசர்வ் வங்கி விதிப்படி ரூ.30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், ரூ.75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமுமே கிடைக்கும். மதிப்பு ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இந்தக் கணக்கில் சேராது. அதைக் கையிலிருந்து போட வேண்டும். தனிநபருக்கான மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்பதால், நான் அதையே தேர்ந்தெடுத்தேன்.

பின்சேர்க்கை: இப்போது கடனை முடிப்பவர்களுக்கும் இதே சிக்கல் வருமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மேல் பதிவான கடன் பொறுப்பையும் வங்கி நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்த அன்றே வில்லங்கம் போட்டு, இரசீது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.