நாள்பட்ட சிறுநீரக நோயில் எலும்பைக் காப்பது எப்படி?

எலும்பு வலித்தால் மருத்துவரைக் கேட்காமலேயே கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவதைச் சிறுநீரக நோயாளிகள் முதலில் நிறுத்த வேண்டும். இந்நோயில் எலும்பு நலிவதற்குக் கால்சியம் குறைவது மட்டுமே காரணமன்று; மிகையான கால்சியம் இரத்தக்குழாய்ச் சுவர்களில் படியவும் கூடும்.

பாஸ்பரஸ் தேங்குவதும் வைட்டமின் டி செயல்வடிவம் பெறாமல் போவதும் சேர்ந்து கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனை (பி.டி.ஹெச்.) உயர்த்த, அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கிறது. இதைப் பெரும்பாலும் மருத்துவரே விளக்கிவிடுவார். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் குடலில் தொடங்குகிறது. புரதத்திலுள்ள ட்ரிப்டோஃபானைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்ற, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட் ஆக்குகிறது. சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் தேங்கும் இந்த நச்சு, எலும்பைக் கட்டும் செல்களுக்குள் புகுந்து அவற்றை நலியச் செய்வதோடு, பாராதைராய்டு ஹார்மோனுக்கு அவை செவிசாய்க்காதபடியும் செய்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வழக்கமான டயாலிசிஸிலும் இது போதிய அளவு நீங்குவதில்லை.

ஆகவே டயாலிசிஸ் நோயாளியின் ரிப்போர்ட்டில் பி.டி.ஹெச். 'நார்மல்' என்றிருந்தால் உடனே நிம்மதியடைய வேண்டாம். எலும்புச் செல்கள் அந்த ஹார்மோனுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால் அந்த அளவு போதாமல், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலை முடங்கியிருக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நார்மல் உச்சவரம்பைப்போல் ஏறத்தாழ 2 முதல் 9 மடங்கு வரையிலான அளவையே சர்வதேச வழிகாட்டு நெறிகள் ஏற்கின்றன. ஒற்றை எண்ணை நம்பாமல், பழைய ரிப்போர்ட்டுகளை அருகில் வைத்து, கால்சியம், பாஸ்பரஸ், எலும்பின் வேலையைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ், இரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பைகார்பனேட் ஆகியவற்றோடு சேர்த்து பி.டி.ஹெச். அளவின் போக்கைக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மலச்சிக்கலை அற்பமாக எண்ண வேண்டாம்: கழிவு குடலில் தங்கத் தங்க நச்சு உருவாகும் வாய்ப்பும் கூடும். நார்ச்சத்து உதவும், ஆனால் பொட்டாசியம் உயர்ந்திருப்பவர் எந்தக் காய், எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் முடிவுசெய்ய வேண்டும். புரதத்தையும் தாமாகவே குறைத்துவிடக் கூடாது, குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவர்கள்.

பொட்டல உணவின் சேர்மானப் பட்டியலில் 'பாஸ்பேட்' என்ற சொல்லையோ, 338 முதல் 341, 450 முதல் 452 வரையிலான சேர்க்கை எண்களையோ கண்டால் தவிர்த்துவிடுங்கள். இயற்கை உணவிலுள்ள பாஸ்பரஸைவிட இது மிக எளிதாக உடலில் சேரும். பாஸ்பரஸைப் பிணைக்கும் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை உணவோடுதான் உட்கொள்ள வேண்டும். சாப்பிட்டு நெடுநேரம் கழித்துப் போட்டால் பெரிதாகப் பயனிராது.