நெடுஞ்சாலையில் பழைய கார் நின்றுவிட்டால்: எதைப் பார்ப்பது, எதைத் தொடக் கூடாது

பழைய காரில் சென்னையிலிருந்து வெளியூர் கிளம்பி வழியில் நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்த வேகத்தில் எதையாவது கழற்றத்தான் எல்லாருக்கும் கை போகும். வேண்டாம். வண்டி எப்படி நின்றது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அம்பாசடரோ பத்மினியோ ஹெரால்டோ, கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது) பாயின்ட்டும் (பொறிக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து ஓடுகிற எந்த வண்டியும் தனக்கு என்ன கோளாறு என்பதை நிற்கும்போதே காட்டிவிடும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும், ஆனால் இங்கே சொல்வதெல்லாம் எண்பதுகளில் வாங்கிய பத்மினிக்கும் அப்படியே பொருந்தும்.

அதற்கும் முன்னால், ஆட்களைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் என்ன வேகத்தில் வரும் என்று தெரியும், நம் வண்டியின் பின்விளக்கு எவ்வளவு மங்கல் என்பதும் தெரியும். இன்ஜின் இழுவை குறைகிறபோதே, வண்டியில் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்கிறபோதே, நியூட்ரலுக்கு மாற்றி இடது ஓரம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, முடிந்தால் மண் தரையிலேயே இறக்கிவிடுங்கள். நின்ற பிறகு தள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடு லேனில் மாட்டிக்கொள்வீர்கள். சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், பழைய ஹாண்ட்பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் வசதி இந்த வண்டிகள் பலவற்றில் கிடையாது, அதனால் 50 மீட்டராவது பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள், அது இல்லையென்றால் இலையோடு ஒரு பெரிய கிளை. வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் வெயிலுக்குப் பயந்து உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், அதை மட்டும் விடாதீர்கள். இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிழலில் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்தால் ரோந்து வண்டியோ கிரேனோ வரும். இருட்டிவிட்டால் வேறு யோசனையே வேண்டாம், முதலில் அந்தப் போனைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சரி, இப்போது வண்டி. சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று ஆஃப் ஆனால் கரண்ட் கோளாறு. திக்கித் திணறி, குலுக்கி, ஒரு கிலோமீட்டர் ஓடி மறுபடி இழுவை போய் நின்றால் பெட்ரோல் வரவில்லை. டெம்பரேச்சர் முள் ஏறி, இன்ஜின் கனத்து, சூட்டு வாசனை வந்து நின்றால் காரணம் உங்களுக்கே தெரியும். மூன்றும் கலந்து வருவது அபூர்வம். இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கி, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

நம் ஊர் வெயிலில் அதிகம் படுத்துவது பெட்ரோல்தான். மதியம் மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி டோல்கேட் வரிசையிலோ டீக்கடையில் நிறுத்தி எடுத்த பிறகோ மக்கர் செய்தால் வேப்பர் லாக் என்று சந்தேகப்படலாம், மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். இன்ஜின் பிளாக்கோடு ஒட்டியிருக்கும் பம்பும், சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் (இன்ஜினின் சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய்) பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாயும் சூடேறி, உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஆவியைத் தள்ளும் சக்தி அந்தப் பம்புக்கு இல்லை. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்கிற சவ்வையும் அது ஊற வைத்து இளக்கிவிடும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பத்து வருடமாக மாற்றாத ஹோஸ் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டு நீண்ட பயணம் போவது ஆபத்து என்றே சொல்வேன், ஏனென்றால் அங்கே நடப்பது வெறும் நிற்பது இல்லை, சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் சொட்டுவது.

வேப்பர் லாக்குக்கு வைத்தியம் பொறுமைதான். பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றி, அரை மணி நேரம் விடுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் சூடான மேனிஃபோல்டிலோ டிஸ்ட்ரிபியூட்டரிலோ (ஒவ்வொரு ப்ளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புவது) படக் கூடாது. கையால் அடிக்கிற லீவர் பம்பில் இருந்தால் இருபது முப்பது தடவை அடித்து கார்புரேட்டரை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் சாவி போட்டதும் டிக் டிக் என்று கேட்க வேண்டும், கேட்கவில்லையென்றால் பம்பின் உடலில் ஸ்பானரால் லேசாகத் தட்டினால் சில சமயம் உயிர் வரும். டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: புஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டே அடுத்த ஊர் போய்விடலாம். பெட்ரோல் முள்ளை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டும் பாருங்கள். இதைக் கடைசியில் பார்ப்பவர்கள் நிறைய.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சியடித்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது, அதற்குமேல் இன்ஜினை ஓட்டவே கூடாது. பம்ப் போனால் பானெட்டுக்குள் கேன் கட்டி மேலிருந்து பெட்ரோலை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்றாலும் சரி.

கரண்ட் கோளாறு இதைவிடச் சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜினின் வெறும் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி, ரப்பர் பிடி உள்ள பிளையரால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு. நீல நிறத்தில் சுளீரென்று பொறி வந்தால் காயில் வரை எல்லாம் சரி, மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் ப்ளக்கையும் பாருங்கள். பொறி வரவில்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் பாயின்ட், அது கரியாமல் காக்கும் கண்டன்ஸர், காயில் இவற்றில் ஒன்று. பாயின்ட் கரிந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் பெரும்பாலான வண்டிகள் ஓடிவிடும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையென்றால் கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று போதும். தேய்த்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி கரிந்தால் கண்டன்ஸரை மாற்றுங்கள். கட்டைவிரல் அளவு சாமான் அது, டாஷ்போர்டில் ஒன்று எப்போதும் கிடக்கட்டும். கையை வைக்க முடியாத சூட்டில் காயில் இருந்து, ஆறினால் ஓடி, சூடானால் நின்றால் காயில் போய்விட்டது. கார்த்திகை மழையில் நின்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், மூடியின் உள்பக்கத்தைக் காய்ந்த வேட்டித் துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் எடுத்துவிடும்.

ஓவர்ஹீட்டில் ஒரே விதி: ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். முகத்திலும் கையிலும் வெந்துபோனவர்கள் எல்லாருமே அவசரப்பட்டுத் திறந்தவர்கள்தான். நாற்பது நிமிடம் கழித்து, தடித்த துணி போட்டு, அரைத் திருப்பு திருப்பி, சீறல் முழுக்க அடங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது; இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், இல்லையென்றால் சூடான பிளாக் விரிசல் விடும். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். சிவப்பு சார்ஜிங் விளக்கும் எரிந்து வண்டியும் சூடானால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. ஹோஸ் கிழிந்திருந்தால் துடைத்துக் காயவைத்து டேப்பை இறுக்கிச் சுற்றி, மூடியை முழுக்க இறுக்காமல் முதல் பிடியில் மட்டும் வைத்தால் அழுத்தம் ஏறாது, மெதுவாகப் போய்விடலாம். ரேடியேட்டரில் ஊசித்துளை அளவுக் கசிவுக்கு இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம், அடுத்த ஊர் வரை தாங்கும், ஆனால் திரும்பி வந்ததும் ரேடியேட்டரைக் கழுவிவிட வேண்டும். நம் போர் தண்ணீரின் உப்பு ஏற்கெனவே உள்ளே படிந்திருக்கும், இதுவும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் வெளுத்து வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது, ரோட்டில் செய்ய ஒன்றுமில்லை.

பேட்டரி இறங்கிவிட்டால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற வண்டி என்றால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கட்டைவிரலை எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் உடையும். இன்னொரு காரிலிருந்து ஒயர் போட்டு எடுப்பதாக இருந்தால் பேட்டரியின் எந்தத் துருவம் பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மோரிஸ் மைனர் மாதிரி பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். ஒயரை எப்போதும்போல பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று பேட்டரி முனைகளில்தான் போட வேண்டும், இரண்டு கார்களின் பம்பரும் பாடியும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

ரோட்டில் கை வைக்கவே கூடாத கோளாறுகளும் உண்டு. பிரேக் மிதி தரை வரை போனால், ஸ்டீயரிங்கில் புதிதாக ஆட்டம் வந்தால், சக்கரத்துப் பக்கம் கடகடவென்று கேட்டால், ஃபிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள். 1961-இலிருந்து நம் வண்டலூர் பக்கமே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரன்னியனுக்கு கிரீஸ் கூடாது, இ.பி. 90 ஆயில்தான். காய்ந்து துருப்பிடித்தால் ஒருநாள் உடைந்து சக்கரம் மடங்கிவிடும், அதற்கு முன்னறிவிப்பாக ஸ்டீயரிங் கனக்கும், முனகும், அதைக் கேட்டும் ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் பம்பரில் கட்டாதீர்கள், சேசிஸில் கட்டுங்கள், சாவியை ஆனில் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். லாரியில் ஏற்றினால் சக்கரங்களைத்தான் கட்டச் சொல்ல வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது? கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற இடத்துக்கு இந்த வண்டி போய்ப் பயனில்லை. டிராக்டரும் பழைய லாரியும் பார்க்கிற வயதான மிஸ்திரி ஒருவர் திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை மாதிரி ஊர்களில் இன்னும் இருப்பார், பஞ்சர் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். லேத் பட்டறை, ரேடியேட்டர் பற்றவைக்கிற கடை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மூன்றும் உள்ள ஊரில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மிஸ்திரியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கார்புரேட்டர் டியூனிங்கை மட்டும் தொடாதீங்க." வேறு கோளாறுக்குக் கார்புரேட்டரைத் திருகிவிட்டால் சென்னை வந்து சேரும் வரை அவதிதான்.

கிளம்பும் முன்பே புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒரு சுற்று சுற்றி ஃபேன் பெல்ட், பாயின்ட் செட், கண்டன்ஸர், ரோட்டார், எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் இரண்டு மீட்டர், கிளாம்ப், ஃபியூஸ் எல்லாம் வாங்கி, பெல்ட்டை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு டிக்கியில் போடுங்கள். அளவு மாறிய பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போவதில் லாபமில்லை. பத்து லிட்டர் தண்ணீர், டார்ச், காற்று உள்ள ஸ்டெப்னி. வண்டி வழியில் நின்றால் வந்து உதவும் சேவை உங்கள் இன்ஷூரன்ஸில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய வண்டிக்குப் பல பாலிசிகளில் கிடைக்காது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் விழுப்புரத்தைத் தாண்டிவிடலாம்.

சரியாகி மறுபடி ஓட ஆரம்பித்ததும் நேராக ஊருக்குப் பறக்காதீர்கள். பத்து கிலோமீட்டரில் ஓரம் கட்டி, முள்ளையும் கசிவையும் ஆயிலையும் பாருங்கள். அதே கோளாறு இரண்டாம் முறை வந்தால் மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே லாரிக்குப் போன் போடுங்கள்.