தணலும் கையொப்பமும்: மலையகத்தில் இழப்பு மதிப்பீட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டக் கடை எரிந்தது. மறுநாள் அங்கே போனேன். அது நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். கடைக்கார அம்மா கரிந்த கதவருகே நின்றுகொண்டு, "தம்பி, தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் பூட்டினேன். அடியில் ஏதும் கனன்றுகொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது" என்றார். அதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்தபோது, அடுப்பை முழுமையாக அணைக்காமல் போனதை அவர் ஒப்புக்கொண்டார் என்று ஆகியிருந்தது. கீழே அவர் தமிழில் கையொப்பமிட்டார்.

அந்த ஒரு வரியைக் காட்டிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆசிரியையாக இருக்கும் அவருடைய மகள் பிரதியைப் படித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா இப்படிச் சொல்லவில்லை, சேர்." அவர் சொன்னது சரி. என் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் கிறுக்கியிருந்ததே அதற்குச் சாட்சி. திரும்பப் போய்த் தமிழில் புதிய வாக்குமூலம் பெற்று, பழையதையும் சேர்த்து, எது ஏன் பிழை என்று எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். பணம் கிடைத்தது, ஆனால் ஐந்து மாதம் பிந்தித்தான். அந்த ஐந்து மாதமும் அவர் வட்டிக்கு வாங்கித்தான் கடையை நடத்தினார். அந்த வட்டிக்கு எந்தக் காப்புறுதியும் நட்டஈடு கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் 'அசெசர்' என்று அழைக்கப்படும் இழப்பு மதிப்பீட்டாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கதவுதான். இத்தொழிலுக்குப் புதிதாக வரும் மலையக இளைஞர்களுக்காகவும், அவர்கள் முன்னால் கையொப்பமிடப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

யாருக்குக் கடமைப்பட்டவர்?

மதிப்பீட்டாளரை அமர்த்துவதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனம்தான். அதனால் அவர் நிறுவனத்தின் ஆள் என்று இரு தரப்பும் எண்ணிவிடுவதில் இருந்துதான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எவ்வளவு நட்டம், காப்புறுதிப் பத்திரத்தின் எந்த வாசகம் அதைத் தொடுகிறது என்ற நான்கையும் உள்ளபடி கண்டு சொல்வதே அவருடைய வேலை. இழப்பு மதிப்பீட்டாளர்களுக்காக 1941இல் பிரித்தானியாவில் தொடங்கி 1961இல் அரச சாசனம் பெற்ற தொழில்முறை நிறுவகமும், கட்டணம் யார் கொடுத்தாலும் பக்கச்சார்பு கூடாது என்பதையே அடிப்படையாக வைத்திருக்கிறது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டமும் அதன் திருத்தங்களும் இத்துறையை ஆள்கின்றன. முன்பு காப்புறுதிச் சபையாக இருந்த அமைப்பு 2017ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவானது. இழப்பு மதிப்பீட்டாளராகத் தொழில் செய்கிறவர் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். "அண்ணனோடு இரண்டு வருடம் சுற்றினேன், எனக்கும் தெரியும்" என்று பதிவில்லாமல் தனியே இறங்குவது முதல் தவறு. பதிவு பெற்றவர் பதிவில்லாத உதவியாளரை அனுப்பிவிட்டு அறிக்கையில் தன் கையொப்பத்தை மட்டும் போடுவது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் பார்க்காத சுவரைப் பற்றி நீங்கள் சாட்சி சொல்ல முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டப்படி நிபுணரின் கருத்தை நீதிமன்றம் கேட்கும். அதை எங்கிருந்து பெற்றீர்கள் என்றும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார்.

படிக்க முடியாத வாக்குமூலம்

மலையகத்தில் மற்றத் தவறுகள் எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். காப்புறுதிப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அறிக்கையும் ஆங்கிலத்தில் போகிறது. நடுவில் இருக்கும் மனிதரோ தமிழில் வாழ்கிறார். அவர் சொல்வதை மனதுக்குள் மொழிபெயர்த்து எழுதும் மதிப்பீட்டாளர், தனக்குத் தெரியாமலே சொற்களைக் கடினப்படுத்துகிறார். 'இருக்கலாம்' என்பது 'இருந்தது' ஆகிறது. 'கவனிக்கவில்லை' என்பது 'அலட்சியம் செய்தேன்' ஆகிறது. தோட்டத்தில் ஒருவர் "நான்தான் குற்றவாளி ஐயா, அன்றைக்கு வீட்டில் இல்லாமல் போய்விட்டேன்" என்று அழுதால் அது துக்கம். அதை ஒப்புதலாகப் பதிவது அநியாயம்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் ஆயுள், தீக் காப்புறுதி விடயங்களில் இங்கிலாந்தின் சட்டமே இங்கு செல்லும் என்று வைத்தது. அந்தச் சட்டத்தில் சாதாரணக் கவனக்குறைவு தீக் காப்புறுதியை இல்லாமற் செய்துவிடாது. கவனக்குறைவால் வரும் நட்டத்துக்கும் சேர்த்துத்தான் மனிதர்கள் காப்புறுதி எடுக்கிறார்கள். 'நியாயமான முன்னெச்சரிக்கை' என்ற நிபந்தனையை வைத்து மறுக்க வேண்டுமென்றால், ஆபத்து இருப்பது தெரிந்தும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று காட்ட வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டுப் போன பெண்ணை அந்த நிபந்தனைக்குள் நான் தள்ளியது சட்டப்படியும் பிழை.

இப்போது நான் இப்படிச் செய்கிறேன். வாக்குமூலத்தை அவர் பேசிய மொழியில், அவருடைய சொற்களிலேயே எழுதுகிறேன். உரக்க வாசித்துக் காட்டுகிறேன். எங்கேனும் ஒரு சொல்லையாவது திருத்தச் சொல்கிறேன். திருத்தாமல் தலையாட்டுகிறவர் பெரும்பாலும் கேட்கவில்லை, பயந்திருக்கிறார். திருத்திய இடத்தில் அவருடைய சிறு ஒப்பமும், முடிவில் பெரிய ஒப்பமும் வாங்குகிறேன். ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனித்தாளில் எழுதி, மொழிபெயர்த்தது யார் என்று குறிப்பிடுகிறேன். கூட நிற்கும் தோட்ட உத்தியோகத்தர் "இவருக்கு ஒன்றும் தெரியாது சேர், நான் சொல்கிறேன்" என்றால், அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கையொப்பமிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புரியாத தாளில் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பதால் உங்கள் கோரிக்கை கெட்டுவிடாது.

வாய்விட்டுச் சொல்லும் ஆறுதல்

வீடிழந்தவர் முன்னால் நிற்கும்போது "கட்டாயம் கிடைக்கும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். பணம் தருவதா இல்லையா என்ற முடிவு நிறுவனத்துடையது. நீங்கள் சொன்னதை நம்பி அவர் கடன் வாங்கிக் கூரை போட்டுவிட்டால், உங்கள் வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமா என்று பிறகு ஒரு வழக்கே நடக்கலாம். "உங்களுக்குக் கிடைக்காது" என்று முற்றத்திலேயே தீர்ப்புச் சொல்வதும் இதே தவறுதான். அதைக் கேட்டுவிட்டுக் கோரிக்கைப் படிவத்தையே நிரப்பாமல் விட்டவர்களை நான் அறிவேன்.

எது விழுத்தியது?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனதை இந்த மலையில் எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மீண்டும் சரிவுகளைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட காலங்களில் மதிப்பீட்டாளரின் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் முழுப் பணத்தையும் தீர்மானித்துவிடும். தீக் காப்புறுதியோடு மேலதிகமாகச் சேர்க்கப்படும் ஆபத்துகளில் புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் தனித்தனிச் சொற்கள். ஒரு பத்திரத்தில் வெள்ளம் இருக்கும், மண்சரிவு இருக்காது. இன்னொன்றில் நிலம் மெதுவாகத் தாழ்வது விலக்கப்பட்டிருக்கும்.

ஆகவே 'மழையினால் சுவர் விழுந்தது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வரக் கூடாது. கானில் ஓடிய நீர் நிரம்பி அடித்தளத்தை அரித்ததா, மேட்டுச் சரிவு பெயர்ந்து வந்து மோதியதா, பல மாதமாக வெடிப்பு விரிந்துகொண்டே வந்ததா? வெடிப்பின் உள்ளே பாசி படிந்திருந்தால் அது பழைய வெடிப்பு, விளிம்பு கூராகச் சுத்தமாக இருந்தால் புதியது. தோட்டங்களில் காலைதோறும் மழைமானியைப் பார்த்து எழுதும் வழக்கம் உண்டு. அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுத்த மண்சரிவு எச்சரிக்கையின் திகதியையும் அதனருகே வையுங்கள்.

காலத்தால் கடைசியில் வந்ததைக் காரணம் என்று பிடித்துக்கொள்வதும் ஒரு தவறு. 1915இல் இக்காரியா என்ற கப்பல் எதிரியின் டோர்பிடோவால் துளைக்கப்பட்டு லே ஹாவ்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. புயலில் கரைமேடையிலிருந்து அகற்றப்பட்டு, கடல் வற்றும்போதெல்லாம் தரைதட்டி, கடைசியில் உடைந்து மூழ்கியது. மூழ்கடித்தது கடலா, டோர்பிடோவா? டோர்பிடோதான் என்று 1918இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது. நேரத்தால் அருகில் இருப்பதல்ல, விளைவை உண்மையில் நடத்தியதே காரணம். சரிவு செவ்வாயன்று வந்து, சுவர் வியாழனன்று விழுந்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். நட்டம் பத்திரத்துக்குள் வருகிறது என்று காட்டுவது காப்புறுதிதாரரின் பொறுப்பு. விலக்கு பொருந்துகிறது என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. இந்தச் சுமையைத் தலைகீழாக்கி, "விலக்கு இல்லை என்று நீங்களே நிரூபியுங்கள்" என்று முதியவரை அலையவிடக் கூடாது.

கணக்கு

குறைத்துக் காப்புறுதி செய்தவருக்குச் 'சராசரி' விதி வரும். மீளக் கட்ட 60 இலட்சம் ரூபா தேவைப்படும் வீட்டை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 10 இலட்சம் ரூபா நட்டத்துக்கு 5 இலட்சமே கிடைக்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டாமல் தொகையை மட்டும் அறிவித்தால், பாதியை யாரோ தின்றுவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். காணியின் விலையை வீட்டின் பெறுமதியில் சேர்த்து, இல்லாத குறைக் காப்புறுதியை உண்டாக்கியிருந்த அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன். நிலம் எரிவதில்லை.

லயன் அறையில் இருப்பவருக்குக் காணி உறுதி இல்லை, ஆகவே அவருக்குக் காப்புறுதி செய்யும் உரிமையே இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். காப்புறுதிக்குரிய நலன், அதாவது ஒரு பொருள் அழிந்தால் தனக்கு நட்டம் வரும் நிலை என்பதும் உரித்துறுதி என்பதும் ஒன்றல்ல. அவருடைய தொலைக்காட்சி, தையல் இயந்திரம், நகை எல்லாம் அவருடையவை.

தேயிலை ஸ்டோர் எரிந்தால் கணக்கு வேறு மாதிரி. கையிருப்பில் எவ்வளவு தூள் இருந்தது என்பதை மீந்த சாம்பல் சொல்லாது, கொழுந்துப் புத்தகம் சொல்லும். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். வந்த கொழுந்தையும் அனுப்பிய தூளையும் இந்த விகிதத்தோடு ஒப்பிட்டால், சொல்லப்படும் தொகை நியாயமானதா என்பது தெரிந்துவிடும். எரியாமல் தப்பிய தூளையும் முகர்ந்து பாருங்கள். தேயிலை புகையை எளிதில் இழுத்துக்கொள்ளும். அதை நல்ல கையிருப்பாகக் கணக்கிட்டு நட்டத்தைக் குறைப்பது தவறு. அதைச் சந்தைக்குப் போகவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

கோழியும் கராஜும்

வீட்டுக்குப் போனால் தேநீர் தருவார்கள். குடியுங்கள், அது மரியாதை. வாகனத்தில் ஏற்றிவிடும் மரக்கறி மூட்டையையும் கோழியையும் இறக்கி வையுங்கள். கராஜ்காரர் மறைவாக நீட்டும் பங்குப் பணம் வெறும் ஒழுக்கப் பிரச்சினை அல்ல. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. நட்டப்பட்டவர் உறவினர் என்றாலோ, லொறியைத் திருத்தப்போகும் கராஜில் உங்கள் மச்சானுக்குப் பங்கு இருந்தாலோ, வேலையை ஏற்கும் முன்பே எழுத்தில் சொல்லி விலகிவிடுங்கள். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கும் சிறு ஊர்களில் இது அடிக்கடி வரும்.

எரிந்த வீட்டின், காயம்பட்டவரின் படங்களை வட்ஸ்அப் குழுக்களில் போடுவது பெருகியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. உங்கள் தொலைபேசியில் உள்ள அந்தப் படம் உங்களுடையதல்ல.

சந்தேகமும் அறிக்கையும்

பொய்க் கோரிக்கைகள் உண்டு. ஆனால் சந்தேகம் ஆதாரம் ஆகாது. 'இவருக்குக் கடன் இருக்கிறது, ஆகவே தானே தீ வைத்திருப்பார்' என்று எழுதுவதற்கு முன், கடனில்லாத வீடு அந்த வரிசையில் எத்தனை என்று பாருங்கள். கண்டதை ஒரு பகுதியில் எழுதுங்கள், கேட்டதை இன்னொன்றில், உங்கள் கருத்தை மூன்றாவதில். காப்புறுதிதாரருக்குச் சாதகமான ஆதாரத்தை அறிக்கையில் விட்டுவிடுவதும், பாதகமானதை இரக்கத்தால் மறைப்பதும் ஒரே அளவு பொய்.

முடிவோடு உடன்படாத காப்புறுதிதாரர் முதலில் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். அங்கும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இந்த வழிகளை அவருக்குச் சொல்வது நிறுவனத்துக்குச் செய்யும் துரோகம் அல்ல.

எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு, காலவிதிப்புச் சட்டப்படி 6 வருடம் இருக்கிறது. ஆகவே களக் குறிப்புகளை அறிக்கை போன மறுநாள் குப்பையில் போடாதீர்கள். அன்றைக்கு அந்தக் கடைக்கார அம்மாவைக் காப்பாற்றியது என் சட்டைப்பையில் இருந்த ஒரு கிறுக்கல்தான். குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள். இந்த மலைமழையில் பேனா மை கரைந்துவிடும்.