சுவடிக் குறிப்பு வந்தால் கட்டம் நிரப்புவது எப்படி

ஞாயிறு பேப்பர் குறுக்கெழுத்தில் ஓலைச்சுவடி பற்றிய குறிப்பு வந்துவிட்டால், எங்கள் வெள்ளவத்தை வீட்டில் பென்சில் என் கைக்கு வந்துவிடும். முதலில் கட்டங்களை எண்ணுங்கள். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. இரண்டு என்றால் ஏடு அல்லது ஓலை. மூன்று என்றால் பெரும்பாலும் சுவடி. ஐந்தில்தான் சிக்கல்: எழுத்தாணியும் ஐந்து, பாடபேதமும் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது) ஐந்து. குறுக்கே போகும் சொல் மூன்றாம் கட்டத்தில் 'த்' தருகிறதா, 'பே' தருகிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது.

'விடுபட்டதைக் காட்டும் குறி', நான்கு கட்டம்? புள்ளடி. நமக்கு வாக்குச்சீட்டில் போடும் புள்ளடிதான் ஞாபகம் வரும், புதிர் போடுபவருக்கும் அது தெரியும்!

'புள்ளியில்லாமல்' என்று குறிப்பு தொடங்கினால் பழைய ஏட்டை நினையுங்கள். அதில் மெய்க்குப் புள்ளி அபூர்வம். புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். எகரம், ஏகாரம் வேறுபாடும் தெரியாது. அதைச் சீர்செய்தவர் யார் என்று கேட்டால், 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர்.

ஆங்கிலப் பேப்பர் என்றால் இரண்டே சொல் போதும். 'வெட்டியது இருக்கட்டும்', நாலெழுத்து: பிழைதிருத்துபவர் எழுதும் ஸ்டெட் (stet). ஹோமரின் சந்தேக வரிக்கு அலெக்சாந்திரியா அறிஞர் இட்ட கோடு, ஆறெழுத்து: ஓபெலஸ் (obelus). எதற்கும் பென்சிலாலேயே எழுதுங்கள்.